பெட்டி வாங்கும் முன்: நகரியத்தை விட்டுக் கிளம்பும் நெய்வேலிக் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் வீட்டாருக்கும்,

பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்திரா நகரிலோ வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டிப் பக்கத்துச் சொந்த ஊரிலோ கட்டிய வீட்டுக்குக் குடிபோகும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். போர்வெல் மோட்டாரும் இன்வெர்ட்டரும் வாங்க நாலு பேரிடம் விசாரிக்கிறோம். டிவிக்கு என்ன இணைப்பு என்பதை மட்டும் பால் காய்ச்சும் நாளுக்கு முதல் நாள், வயரிங் செய்தவர் சொல்வதைக் கேட்டு முடித்துவிடுகிறோம். அதனால்தான் எத்தனையோ வீடுகளில் மாடியில் தட்டு ஒன்று துருப்பிடித்துக் கிடக்க, கீழே டிவி வேறு இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதச் சந்தா கட்டாமல் செயற்கைக்கோள் டிவி பார்க்கலாமா, அதற்கு எந்த ரிசீவர் நல்லது என்று நம் ஆட்கள் பலர் கேட்கிறார்கள். நான் கருவியியல் பிரிவில் வேலை பார்த்தவன். அளவு, அழுத்தம், சிக்னல் என்றே காலம் போனது. இந்த விஷயத்திலும் எனக்கு அக்கறை உண்டு. எனவே எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சந்தா கட்டாமல் பார்க்கலாம், நமக்கு அது தேவையும்கூட. நம்மில் பலருக்கு ஓய்வூதியம் என்று வருவது இ.பி.எஸ்.-95 தரும் சிறு தொகைதான். 2019 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி, சந்தா அலைவரிசை ஒன்றுகூட எடுக்காத வீட்டுக்கும் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய் வரை இருந்தது, 18 விழுக்காடு வரியோடு 153 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு 1,840 ரூபாய் 80 காசு ஆனது. அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு 90 அலைவரிசைகளோடு வந்தபோது இருந்த கணக்கு இப்போது இல்லை. தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிடிஎச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தட்டும் பெட்டியும் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய். ஒரே தடவை கொடுத்தால் போதும். இதைப் பார்த்தவுடன் கடைக்குக் கிளம்பத் தோன்றும். கிளம்புமுன் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள்?

இரவு ஏழிலிருந்து பத்து வரை சன் டிவி, விஜய், ஜீ தமிழ் தொடர்கள் ஓடும் வீடு என்றால், இலவச டிஷ் அந்த வீட்டுக்கு விடையாகாது. அவை சந்தா அலைவரிசைகள். வானிலிருந்து குறியாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. எந்த நல்ல ரிசீவர் வாங்கினாலும் அவை திறக்காது. கடைக்காரர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'நூறு சேனலுக்கு மேல் வரும் சார்' என்பார், அதுவும் உண்மைதான். பெட்டியை மாட்டிய அன்று மாலை அம்மா ரிமோட்டை அமுக்கி அமுக்கி இந்திப் படங்களைக் கடந்து போகும்போதுதான் அந்த நூறு என்னவென்று தெரியவரும். வாங்குபவர் ஆண், அதிகம் பார்ப்பவர் பெண் என்பது நம் வீடுகளின் வழக்கம். பார்ப்பவரைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள் என்று மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃப்ரீ டிஷ்ஷில் கிடைப்பது என்ன? தூர்தர்ஷனின் எல்லா மொழி அலைவரிசைகளும், அவற்றில் டிடி தமிழும். பொதிகை என்று நாம் அறிந்திருந்ததுதான் 2024 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது. இந்திச் செய்தி, இந்திப் படம், இந்திப் பாட்டு அலைவரிசைகள் ஏராளம். ஆகாசவாணியின் வானொலிச் சேவைகளும் உண்டு. ரிமோட்டில் வானொலிக்கென்று தனிப் பொத்தான் இருக்கும், அதைப் பலர் தொட்டதே இல்லை. வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இதையும் கவனியுங்கள்: 2017இல் தொடங்கிய ஸ்வயம் பிரபா அலைவரிசைகள் ஃப்ரீ டிஷ் வரும் அதே ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்தே இலவசமாக வருகின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள், இணையம் இழுக்காத ஊரிலும் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கான பி.எம். இ-வித்யா அலைவரிசைகளும் இருக்கின்றன.

கிரிக்கெட் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிரப்படுவதைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர்கள் வழியாகக் காட்டக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இந்தியா ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் டிடி ஸ்போர்ட்ஸில் வரும்போது, மாதம் பணம் கட்டும் கேபிள் வீட்டில் அந்த அலைவரிசையில் வேறு நிகழ்ச்சி ஓடும். எதுவும் கட்டாத ஃப்ரீ டிஷ் வீட்டில் ஆட்டம் ஓடும். தொடர் பார்க்காத, கிரிக்கெட்டும் செய்தியும் போதும் என்கிற ஓய்வுபெற்ற தம்பதிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். டிவிக்குப் பின்னால் துளைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. குறைந்த கேபிள் தொகுப்பு ஒன்றும் ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்றும் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

இனி ரிசீவர்.

கடையில் இரண்டு வகைப் பெட்டிகள் ஒரே மேசையில் கிடக்கும். ஒன்று பழைய எம்பெக்-2 வகை, விலை குறைவு. மற்றது எம்பெக்-4, டிவிபி-எஸ்2 என்று அட்டையில் போட்டிருக்கும் வகை. இரண்டுக்கும் நடுவில் சில நூறு ரூபாய் வித்தியாசம். அந்தச் சில நூறைப் பார்க்காதீர்கள். ஃப்ரீ டிஷ் இரண்டு வடிவிலும் ஒளிபரப்புகிறது. பழைய பெட்டி பழைய வடிவில் வருவதை மட்டும் காட்டும். புதுப் பெட்டி இரண்டையும் காட்டும். செயற்கைக்கோளில் உள்ள ஒரே டிரான்ஸ்பாண்டரில் எம்பெக்-4 முறையில் இன்னும் அதிக அலைவரிசைகளை அடக்கலாம், எச்டி தரமும் கொடுக்கலாம். புதிதாகச் சேர்வது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சேரும். தனியார் அலைவரிசைகளுக்கான இடங்களைப் பிரசார் பாரதி ஏலத்தில் விடுகிறது; எம்பெக்-2 இடங்கள் நல்ல விலைக்குப் போவதால் அங்கே நெருக்கடி. எம்பெக்-2 பெட்டியை இன்று வாங்குவது, இரண்டொரு ஆண்டில் மறுபடி கடைக்குப் போவதற்கான ஏற்பாடு.

எம்பெக்-4 ஒளிபரப்புக்குத் தூர்தர்ஷன் ஐகாஸ் என்ற உள்நாட்டுக் குறியாக்க முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர்களின் பெட்டிகள் விற்பனையில் உண்டு. மாடியில் ஒரே தட்டு, 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 மட்டும், வேறு சோதனை எதுவும் வேண்டாம் என்கிற வீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற பெட்டியே சரி. பல செயற்கைக்கோள்களைத் தேடிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குப் பொதுவான எஸ்2 ரிசீவர் பொருந்தும். அதில் அதிர்வெண்ணைக் கையால் சேர்க்கும் வசதியும், குருட்டுத் தேடல் எனப்படும் தானியங்கித் தேடலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீ டிஷ்ஷின் வரலாறே மாறிக்கொண்டிருக்கும் வரலாறு. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று 33 அலைவரிசைகளோடு தொடங்கியபோது 95 டிகிரியில் இருந்த என்.எஸ்.எஸ்.-6லிருந்து வந்தது. பிறகு 93.5 டிகிரிக்கு, இன்சாட்-4பிக்கு வந்தது. 2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15 வந்ததும் அதற்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் அதிர்வெண்கள் மாறின. கையால் திருத்த வழியில்லாத பெட்டிகள் அப்போது மூலைக்குப் போயின.

சேனல்களும் அப்படித்தான் வரும், போகும். 2019 மார்ச்சில் பெரிய தனியார் ஒளிபரப்பு நிறுவனங்கள் நான்கு தங்கள் இலவச இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளை ஒரே நாளில் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து எடுத்துக்கொண்டன. மறு ஆண்டு சில திரும்பி வந்தன. எனவே ஏதோ ஒரு சேனலுக்காக மட்டும் பெட்டி வாங்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி தேடல் கொடுத்தால்தான் புதிதாக வந்தவை தெரியும். அந்தத் தேடலை வீட்டில் உள்ள எவரும் இரண்டு மூன்று பொத்தானில் செய்ய முடிகிற பெட்டிதான் நல்ல பெட்டி. கடையில் நிற்கும்போதே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

டிவியின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். 2006இலிருந்து கலைஞர் ஆட்சியில் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் சொந்த ஊர் வீடுகளில் இன்னும் சில ஓடுகின்றன. அவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று துளை மட்டும் இருக்கும், எச்டிஎம்ஐ கிடையாது. புதிய தட்டை டிவி சிலவற்றில் அந்த மூன்று துளைகளே இல்லை. இரண்டு வகை வெளியீடும் உள்ள பெட்டியை வாங்கினால் எந்த டிவிக்கும் மாற்றிக்கொள்ளலாம். புது டிவியே வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: உள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் இருக்கிறதா? அப்படிப்பட்ட டிவிகளுக்கு ஐ.எஸ். 18112 என்ற தர நிர்ணயத்தை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. எஸ்2 டியூனர் உள்ள டிவிக்குக் குறியாக்கமில்லாத அலைவரிசைகளைப் பார்க்கத் தனிப் பெட்டியே தேவையில்லை. மாடியிலிருந்து வரும் வயரை நேராக அதில் மாட்டிவிடலாம். ஒரு ரிமோட், ஒரு பிளக். கண் மங்கிய பெற்றோர் இருக்கும் வீட்டில் இது பெரிய உபகாரம்.

சிலரிடம் பழைய சந்தா டிஷ்ஷின் பெட்டி சும்மா கிடக்கும். அதை ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். அந்தப் பெட்டிகள் அந்தந்த நிறுவனத்துக்கென்றே பூட்டியவை, ஆகாது. ஆனால் தட்டு ஆகலாம். சன் டைரக்ட் 2007இல் தொடங்கியபோது இதே 93.5 டிகிரி இன்சாட்-4பியில்தான் இருந்தது. 2010 ஜூலையில் அந்தச் செயற்கைக்கோளின் மின்சக்தியில் கோளாறு ஏற்பட, 91.5 டிகிரி மீசாட்-3க்குப் போனது. இரண்டு இடங்களுக்கும் இடையே இரண்டு டிகிரிதான். அந்தப் பழைய சன் டைரக்ட் தட்டு உங்களுக்குச் சொந்தமாக இருந்து, துருவேறாமல் இருந்தால், லேசாகத் திருப்பி டியூன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி மட்டும் வாங்கினால் போதும் என்றாகலாம்.

தட்டு என்று வந்துவிட்டதால் நம் ஊர்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலி வடக்கே பதினொன்றரை டிகிரியில், கிழக்கே 79 டிகிரி 29 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. இங்கிருந்து 93.5 டிகிரி செயற்கைக்கோள் தென்கிழக்கே, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் ஏறக்குறைய 129 டிகிரி திசையில், அடிவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டெல்லியில் அது 52 டிகிரி உயரத்தில்தான். நமக்கு இது பெரிய வசதி. வேம்பும் மாவும் பலாவும் சூழ்ந்த வீடு என்று பலர் தயங்குகிறார்கள். 69 டிகிரியில் கணக்குப் போட்டால், தட்டைவிடப் பத்து மீட்டர் உயர்ந்து நிற்கும் மரம், தென்கிழக்கில் நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். அதற்கு அப்பால் நின்றால் சிக்னல் அதன் தலைக்கு மேலாக வந்துவிடும். சிக்னலுக்காக மரத்தை வெட்டச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். தட்டை மாடியின் வேறு மூலைக்கு நகர்த்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

சாதாரணமாகக் கடையில் தருவது 60 சென்டிமீட்டர் தட்டு. வெயில் நாளில் அது தாராளமாகப் போதும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். 11 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி விழுங்கும், அது இயற்கை. 90 சென்டிமீட்டர் தட்டு போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு. மழையில் படம் நிற்கும் நேரம் நன்றாகக் குறையும். செலவு சற்றுக் கூடும். புயல் செய்தியும் வெள்ளச் செய்தியும் தேவைப்படும் நேரமும் அதே மழை நேரம்தான் என்பதால் இந்தச் செலவை நான் வீண் என்று நினைக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் தட்டைத் தளத்தோடு நான்கு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வெறும் செங்கல் பாரம் போதாது. இன்னும் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் கம்பெனிச் சுவரைத் துளையிடாமல், சிமென்ட் கட்டையில் பதித்த தாங்கியில் நிறுத்தி, கயிறு கட்டி வையுங்கள். கிளம்பும்போது அப்படியே எடுத்துப் போகலாம்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் மழையே இல்லாமல் படம் உடையலாம். அந்த நேரத்தில் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது, அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கிறது. தட்டையும் அதன் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவியையும் யாரும் தொட வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். தானாகச் சரியாகிவிடும்.

டியூன் செய்ய ஆள் வரும்போது பெட்டியின் திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமைப் பட்டை எல்.என்.பி.யும் வயரும் உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும். தட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும் அது எண்பதைக் காட்டும். தரம்தான் உண்மை. அது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மழையைத் தாங்கும். படம் வந்தவுடன் ஆள் இறங்கிவிடப் பார்ப்பார். தட்டை மயிரிழை மயிரிழையாக அசைத்து, எல்.என்.பி.யைச் சற்றுத் திருகி, தரப் பட்டை இதற்கு மேல் ஏறாது என்று ஆன பிறகே நட்டை இறுக்கச் சொல்லுங்கள். வெயில் நாளில் இந்தப் பத்து நிமிடம் வீண் என்று தோன்றும். மழையில் அதுதான் கைகொடுக்கும். ஆர்.ஜி.-6 வயர், திருகிப் பொருத்தும் நல்ல கனெக்டர், எல்.என்.பி. பக்கத்து இணைப்புக்கு மேல் டேப்பும் கிரீஸும், வயர் எல்.என்.பி.யிலிருந்து கொஞ்சம் கீழே தொங்கி மீண்டும் ஏறும்படி ஒரு வளைவு. சிக்னல் போனதென்று நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெட்டி கெட்டதைவிடக் கனெக்டரில் தண்ணீர் இறங்கியதே அதிகம்.

தமிழ் அலைவரிசைகள் இன்னும் வேண்டும், சந்தாவும் வேண்டாம் என்பவர்களுக்கு சி-பேண்ட் என்ற வழி ஒன்று உண்டு. நான்கு கிகாஹெர்ட்ஸ் ஒளிபரப்பு. கேபிள்காரர்கள் மாடியில் வைத்திருக்கும் பெரிய தட்டு அதற்கானது. குறியாக்கமில்லாமல் வரும் தமிழ் அலைவரிசைகள் அங்கே உண்டு. மழையிலும் அவ்வளவு எளிதில் அறுந்துபோகாது. ஆனால் ஆறு அடித் தட்டாவது வேண்டும். 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-30 நமக்கு 76 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால் அந்தத் தட்டு வானத்தைப் பார்த்துப் படுத்தே கிடக்கும். முழுத் தகட்டில் மழைநீர் தேங்கும். வலைத் தட்டு நல்லது. டைசெக் சுவிட்ச் ஒன்று போட்டால் இரண்டு தட்டுகளையும் ஒரே எஸ்2 ரிசீவரில் இணைக்கலாம். சொந்த மாடியும் பொறுமையும் இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். 'இலவச அலைவரிசை' என்ற அறிவிப்பை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். டிராய் பட்டியலில் கட்டணமில்லாதது என்று இருப்பது, அந்த அலைவரிசைக்குத் தனி விலை இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. வானிலிருந்து பூட்டில்லாமல் வருகிறதா என்பது வேறு விஷயம். ஒவ்வொன்றையும் அந்த ஊரில் ஏற்கெனவே தட்டு வைத்திருப்பவர் வீட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்தால் இணையம் வழியாக எல்லாச் சந்தா சேனலும் திறக்கும் என்று ஒரு வகைப் பெட்டி விற்கிறார்கள். அது திருட்டு ஒளிபரப்பு. சட்டப்படி குற்றம். திடீரென்று ஒரு நாள் நின்றுபோனால் யாரிடமும் கேட்க முடியாது. முப்பது ஆண்டு கண்ணியமாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் அது வேண்டாம்.

இவ்வளவும் பெட்டியைப் பற்றியது. பெட்டி சரியாக இருந்தும் திரையில் தமிழ் குறைவாக இருப்பதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். ஃப்ரீ டிஷ் இன்று நாலு கோடிக்கும் அதிகமான வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்த வீடுகளில் பெரும்பகுதி வடக்கில். தனியார் இடங்களைப் பிரசார் பாரதி மின் ஏலத்தில் விடுகிறது. இந்திப் பொழுதுபோக்குக்கு அதிகம் கேட்கிறார்கள், அதற்கே அதிகம் போகிறது. தமிழ் நிறுவனங்களுக்கோ, இங்கே கேபிள் வழியே எல்லா வீட்டிலும் இருக்கும்போது ஏலத்துக்குப் போக அவசரமில்லை. தமிழ் குறைவாக இருப்பதால் தமிழ் வீடுகள் ஃப்ரீ டிஷ் வாங்குவதில்லை. வாங்காததால் தனியார் தமிழ் அலைவரிசைகள் அதிகம் வருவதில்லை. இந்த முடிச்சை ஏலத் தொகை அவிழ்க்காது. பிரசார் பாரதி சந்தைக் கடை அல்ல, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொது ஒளிபரப்பு நிறுவனம். இந்தியாவின் பல மொழிகளுக்கும் பணி செய்யக் கடமைப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் ஏலத்துக்கு வெளியே சில இடங்களை ஒதுக்கக் கேட்பதில் தவறே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் தவறு. ஃப்ரீ டிஷ் மாட்டும் ஒவ்வொரு வீடும் டிடி தமிழ் என்ன தருகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று ஒரு அஞ்சலட்டையாவது எழுதினால், நம் ஓய்வூதியர் சங்கங்கள் அவற்றைச் சேர்த்து அனுப்பினால், தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றிலிருந்து வரும் முதல் கூட்டுக் குரலாக அது இருக்கக்கூடும். எழுத நான் தயார். உங்களையும் கூப்பிடுகிறேன்.

பெட்டி வாங்கும் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மெயின் பஜாரிலோ மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ, உங்கள் புது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடையில் வாங்குங்கள். தட்டு மாட்டும் ஆள் அந்த ஊரில் இருப்பவராக இருந்தால் கார்த்திகை மழையில் கூப்பிட்டால் வருவார். பெட்டியைக் கடையில் இணைத்து டிடி தமிழையும் டிடி ஸ்போர்ட்ஸையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். ஐப்பசிக்கு முன்பே தட்டை மாட்டிவிடுங்கள். வழுக்கும் மாடியில் மழையில் ஏறி யாரும் நிற்க வேண்டியதில்லை.

மாட்டி முடித்ததும் ஒரு வெள்ளை அட்டையில் இவற்றை எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டுங்கள்: செயற்கைக்கோள் 93.5 கிழக்கு, எல்.என்.பி. 9750, 22 கே அணைத்து, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500, பெட்டி டிவியின் எந்த எச்டிஎம்ஐ துளையில் இருக்கிறது, மாட்டியவர் கைப்பேசி எண். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பேரன் ரிமோட்டை அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும், வீட்டில் உள்ளவர் அந்த அட்டையைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்வார்.

அன்புடன்,
உங்களோடு ஷிப்டு பார்த்த ஒருவன்